ஆர்த்தோ (எலும்பு, மூட்டு) ஆராய்ச்சியில் இருக்கும் இளம் பெண்களுக்கான பயண உதவித்தொகை: விண்ணப்பம் முதல் பணம் கைக்கு வரும்வரை

நீங்கள் போக நினைக்கும் மாநாடு பிப்ரவரியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான அப்ஸ்ட்ராக்டை (ஆய்வுச் சுருக்கத்தை) முந்தைய ஆகஸ்டிலேயே கொடுத்திருக்க வேண்டும். உதவித்தொகை கிடைத்த செய்தி டிசம்பர் வாக்கில் வரும். டிக்கெட்டை ஜனவரியில் உங்கள் கைக்காசில் வாங்குவீர்கள். அந்தக் காசு திரும்பி வங்கிக் கணக்குக்கு வர ஏப்ரல் ஆகலாம், மே ஆகலாம்.

என் முதல் டிராவல் அவார்டு கடிதம் வந்தபோது இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. எலும்பில் பொருத்தும் திருகுகள் ஏன் தளர்கின்றன என்பதில் பிஎச்.டி செய்துகொண்டிருந்தேன். அப்ஸ்ட்ராக்ட் தேர்வானது, அவார்டும் கிடைத்தது. அவார்டு கடிதத்தின் மூன்றாம் பத்தியில் ஒரு வரி: "பயணம் முடிந்தபின், ரசீதுகளைச் சமர்ப்பித்தால் தொகை வழங்கப்படும்." அமெரிக்கா போய்வரும் செலவை மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே போட என் வீட்டில் வழி இல்லை. பல்கலைக்கழகத்தில் முன்பணம் கேட்கலாம் என்று சொல்லித்தர யாரும் இல்லை. அவார்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மாநாடு நடந்த வாரம் முழுக்க லேபில் இருந்தேன். அடுத்த ஆண்டு போனேன். பிற்பாடு ஒரு சங்கத்தின் தேர்வுக் குழுவிலும் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது சிறந்த ஆராய்ச்சிக்கான பரிசு அல்ல. அறிவியல் தரம் ஒரு வாசல்படி, அதைத் தாண்டியாக வேண்டும். தாண்டிய பலருக்குள் யாருக்குக் கொடுப்பது என்று குழு யோசிக்கும்போது கேட்கும் கேள்விகள் இரண்டுதான்: இந்தத் தொகை இல்லாவிட்டால் இவர் வருவாரா, வந்தால் இங்கே என்ன செய்வார்? அந்த இரண்டுக்கும் தெளிவாகப் பதில் எழுதுபவர்கள் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. பணம் இல்லை என்று எழுத நம் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சத்தால் மேஜையிலிருந்து விலகிப்போன நல்ல விண்ணப்பங்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஏன் பெண்களுக்கென்று தனியாக

இந்தக் கேள்வியை உங்கள் துறையிலேயே யாராவது கேட்பார்கள். பதில் கையில் இருக்கட்டும். அமெரிக்க எலும்பு மூட்டு சர்ஜன்கள் அகாடமி 2018-ல் எடுத்த கணக்குப்படி, அங்குள்ள ஆர்த்தோ சர்ஜன்களில் பெண்கள் சுமார் 6 சதவீதம்தான். அந்த அகாடமியில் ரூத் ஜாக்சன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்ந்தது 1937-ல். அவர் பெயரிலேயே பெண் ஆர்த்தோ சர்ஜன்களுக்கான சங்கம் 1983-ல் தொடங்கியது. இன்றும் உதவித்தொகைகள் தருகிறது.

ஆராய்ச்சிப் பக்கம் சற்று வேறு. அங்கே சர்ஜன்கள் மட்டுமல்ல, மெக்கானிக்கல் இன்ஜினியர்கள், செல் உயிரியல் படித்தவர்கள், வேதியியல் படித்தவர்கள், பிசியோதெரபிஸ்டுகள் எல்லோரும் இருக்கிறார்கள். 1954-ல் தொடங்கிய ஆர்த்தோபீடிக் ரிசர்ச் சொசைட்டியின் முதல் பெண் தலைவர் அடெல் போஸ்கி ஒரு வேதியியலாளர். எலும்பில் தாது எப்படிப் படிகிறது என்பதை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். ஆகவே "நான் டாக்டர் இல்லையே, ஆர்த்தோ மாநாட்டுக்கு எப்படி" என்று தயங்குபவர் இந்த இடத்திலேயே தயக்கத்தை விட்டுவிடலாம்.

நோயாளிகள் பக்கம் பாருங்கள். மாதவிடாய் நின்றபின் எலும்புத் தேய்வு, முழங்கால் மூட்டுத் தேய்மானம், விளையாடும் பெண்களுக்கு முழங்கால் முன் குறுக்குத் தசைநார் கிழிவது, எல்லாமே ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். நோயில் பெண்கள் அதிகம், அதை ஆராய்ந்து பேசும் மேடையில் குறைவு. பயண உதவித்தொகை அந்த மேடைக்கு ஏறும் படிக்கட்டு.

எங்கே தேடுவது

"பெண்களுக்கான ஆர்த்தோ டிராவல் அவார்டு" என்று தேடினால் கிடைப்பவை கொஞ்சம்தான். அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

முதல் இடம் நீங்கள் போக நினைக்கும் மாநாட்டை நடத்தும் சங்கம். ஆர்த்தோபீடிக் ரிசர்ச் சொசைட்டி, அமெரிக்க எலும்பு மற்றும் தாது ஆராய்ச்சிச் சங்கம், சர்வதேச பயோமெக்கானிக்ஸ் (உடலின் அசைவையும் விசைகளையும் ஆராயும் துறை) சங்கம், ஐரோப்பிய, பிரிட்டிஷ் ஆர்த்தோ ஆராய்ச்சிச் சங்கங்கள் ஒவ்வொன்றின் தளத்திலும் "விருதுகள்" என்ற பக்கம் இருக்கும். அதில் பெண்களுக்கு, இளம் ஆய்வாளர்களுக்கு, வளரும் நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு என்று மூன்று வகை இருக்கலாம். ஒரே ஆள் மூன்றுக்கும் தகுதியானவராக இருப்பது நம் ஊர்ப் பெண்களுக்குச் சாதாரணம். ஒன்றுக்கு மேல் விண்ணப்பிக்கலாமா என்று விதியைப் பாருங்கள். பல இடங்களில் விண்ணப்பிக்கலாம், வாங்குவதுதான் ஒன்று.

பெரிய சங்கங்களுக்குள் முதுகெலும்பு, தசைநாண், குருத்தெலும்பு என்று சிறு பிரிவுகள் உண்டு. அவை தனியாகச் சிறு தொகைகள் கொடுப்பதுண்டு. விண்ணப்பிப்பவர்கள் குறைவு என்பதால் நான் எல்லோரையும் முதலில் அனுப்புவது அங்கேதான்.

உலகின் பல ஆர்த்தோ ஆராய்ச்சிச் சங்கங்கள் சேர்ந்து 3 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டு மாநாடு நடத்துகின்றன. 2019-ல் மான்ட்ரியல், 2022-ல் எடின்பரோ, 2025-ல் அடிலெய்டு. அந்த ஆண்டுகளில் வெவ்வேறு நாட்டுச் சங்கங்கள் ஒரே மாநாட்டுக்குத் தனித்தனியாக உதவி அறிவிப்பதுண்டு. அடுத்தது எப்போது என்று இப்போதே காலண்டரில் குறித்துவையுங்கள்.

இரண்டாவது இடம் நம் நாட்டு நிதி. இந்தியாவில் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் சர்வதேசப் பயண உதவித் திட்டம் முக்கியமானது. முன்பு எஸ்இஆர்பி (அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) நடத்தியது. அந்த அமைப்பு 2024-ல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்குள் சேர்ந்துவிட்டது. சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில்), ஐசிஎம்ஆர் (மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்), பயோடெக்னாலஜி துறை ஆகியவற்றுக்கும் பயண உதவி உண்டு. இவை பெண்களுக்கென்று தனியானவை அல்ல. ஆனால் சங்கம் தரும் அவார்டு பாதிச் செலவைத்தான் தாங்கும் என்றால் மீதிக்கு இவைதான் கை கொடுக்கும். சங்கத்திடம் பதிவுக் கட்டணமும் தங்கும் செலவும், அரசிடம் விமானக் கட்டணம் என்று பிரித்துக் கேளுங்கள். ஒரே செலவை இரண்டு இடத்தில் வாங்கக் கூடாது. இரண்டு விண்ணப்பத்திலும் மற்றதைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

மூன்றாவது வகையைப் பலர் தவறவிடுகிறார்கள்: மாநாட்டுக்கு அல்லாமல் இன்னொரு லேபில் சில வாரம் வேலை செய்யக் கொடுக்கும் உதவி. ஐரோப்பிய பயோமெக்கானிக்ஸ் சங்கம் இப்படி ஒன்று வைத்திருக்கிறது. மாநாட்டில் உங்கள் ஆய்வை விளக்கும் போஸ்டர் பக்கத்தில் நிற்கும் இரண்டு மணி நேரத்தைவிட, வேறொரு லேபின் கருவியில் உங்கள் கையால் மூன்று வாரம் வேலை செய்வது சில ஆய்வுகளுக்கு அதிகப் பயன். வேலூர் சிஎம்சியில் மேரி வர்கீஸ் என்ற டாக்டர் இருந்தார். 1954-ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-ல் வேலூரில் அதற்கென ஒரு மையமே எழுந்தது. போன இடத்தில் கற்று வந்தது ஊரில் கட்டடமாக நிற்கிறது. இந்த வகை உதவிக்கு விண்ணப்பம் எழுதும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

"ஆரம்பக் கட்டம்" என்றால் எத்தனை வருடம்

ஒவ்வொரு சங்கமும் ஒவ்வொரு மாதிரி சொல்லும். சில இடங்களில் வயது 35-க்குள், சில இடங்களில் பிஎச்.டி முடித்து இத்தனை ஆண்டுக்குள், சில இடங்களில் மாணவராகவே இருக்க வேண்டும். எம்.எஸ் ஆர்த்தோ படிக்கும் டாக்டர்களை மாணவர் என்று எடுப்பதா டாக்டர் என்று எடுப்பதா என்பதிலும் குழப்பம் வரும். மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

கல்யாணம், பிள்ளைப்பேறு, மாமியார் உடல்நிலை என்று ஆராய்ச்சியை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள்தான் "எனக்குக் காலம் தாண்டிவிட்டது" என்று தாங்களாகவே முடிவு செய்துவிடுகிறார்கள். முடிவை அவர்களிடம் விடுங்கள், நீங்கள் எடுக்காதீர்கள். ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சில் தன் நிதிக்கான கால வரம்பில் தாய்மார்களுக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் 18 மாதம் சேர்த்துத் தருகிறது. இதே மனப்பான்மை சிறு சங்கங்களுக்கும் பரவியிருக்கிறது. விதியில் எழுதியிருக்காது, கேட்டால் கொடுப்பார்கள். கேட்க வேண்டிய மெயில் நாலு வரிதான்: பிஎச்.டி முடித்த தேதி, இடைவெளி எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, காரணம் ஒரே சொல்லில், நான் தகுதியானவளா. மன்னிப்புத் தொனி வேண்டாம்.

அப்ஸ்ட்ராக்ட்: வாசல்படி

பெரும்பாலான டிராவல் அவார்டுகளுக்கு அப்ஸ்ட்ராக்ட் தேர்வாவதே முதல் நிபந்தனை. ஆர்த்தோபீடிக் ரிசர்ச் சொசைட்டியின் அமைப்பில் அறிமுகம், முறை, முடிவு, விவாதம், அதற்குப் பிறகு கடைசியில் "மருத்துவ முக்கியத்துவம்" என்று ஓரிரு வாக்கியம் வரும். அந்த வாக்கியத்தை எல்லோரும் கெடு முடியும் இரவில்தான் எழுதுகிறோம். அவசரத்தில் இருக்கும் மதிப்பீட்டாளர் தலைப்புக்கு அடுத்துப் படிப்பது அதைத்தான். அதை முதல் நாளே எழுதுங்கள்.

என் கதையில் ஒரு இடம். நான் ஆட்டுத் தொடை எலும்பில் திருகைப் பொருத்தி, இழுவைச் சோதனை இயந்திரத்தில் வைத்து, எவ்வளவு விசையில் பிடுங்கி வருகிறது என்று அளந்துகொண்டிருந்தேன். காலை ஆறு மணிக்குக் கறிக்கடைக்குப் போய், ஒரே அளவிலான எலும்புகளாகப் பொறுக்குவேன். "சூப்புக்காம்மா?" என்று கேட்பார் கடைக்காரர். வெட்டாமல் முழுசாக வேண்டும் என்றால் வினோதமாகப் பார்ப்பார். லேபுக்கு வந்ததும் சதையைச் சுத்தம் செய்து, உப்புக் கரைசலில் நனைத்த துணியைச் சுற்றி, மைனஸ் 20 டிகிரி பெட்டியில் வைக்க வேண்டும்; காய்ந்துவிட்டால் எலும்பின் குணமே மாறிவிடும். இப்படிச் சேர்த்த தரவை வைத்து, மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் திருகு தளர்வது பற்றிப் பெரிதாக எழுதியிருந்தேன்.

மதிப்பீட்டாளர் ஒரே கேள்வி கேட்டார்: இந்த ஆடுகள் எந்தப் பால்? கறிக்கடையில் விழுவது பெரும்பாலும் கிடா. ஆண் ஆட்டின் எலும்பை வைத்துப் பெண்ணின் எலும்பைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அன்று ராத்திரி தூங்கவில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2016 முதலே, தன் நிதிக்கு வரும் ஆய்வுத் திட்டங்களில் பால் வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கச் சொல்லி வருகிறது. ஆர்த்தோவில் இது வெறும் சடங்கு இல்லை, எலும்பின் அடர்த்தியே அதைப் பொறுத்தது. உங்கள் மாதிரிகள் மனிதரோ விலங்கோ செல்லோ, எந்தப் பால், எந்த வயது, எத்தனை என்பதை முறை பகுதியின் முதல் வாக்கியத்திலேயே எழுதிவிடுங்கள். தெரியாது என்றால் தெரியாது என்று எழுதி, முடிவை அந்த அளவுக்குச் சுருக்கிச் சொல்லுங்கள்.

இன்னொன்று: படம் ஒன்று போதும், ஆனால் அதில் அச்சுகளின் பெயரும் அலகும் போனில் பார்த்தாலும் படிக்கும் அளவில் இருக்க வேண்டும்.

விண்ணப்பக் கடிதம்

பெரும்பாலும் 250 முதல் 500 சொற்களுக்குள் முடிக்க வேண்டிய ஒரு பக்கம். தோற்பதும் ஜெயிப்பதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். நான் முதலில் எழுதிய பத்தி கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"எலும்பியல் ஆராய்ச்சியில் எனக்குச் சிறு வயது முதலே தீராத ஆர்வம் உண்டு. உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானிகளை இந்த மாநாட்டில் சந்திப்பது என் அறிவை வளர்க்கும். எனவே இந்த உதவியை எனக்கு வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்."

பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை யார் வேண்டுமானாலும் எந்த மாநாட்டுக்கும் எழுதலாம். தேர்வுக் குழுவில் இருந்தபோது இதே பத்தியை ஒரே மாலையில் இருபது தடவையாவது படித்திருப்பேன். பின்பு மாற்றி எழுதியது (மைக்ரோ சிடி என்பது எலும்பின் நுண் அமைப்பைப் படமெடுக்கும் ஸ்கேன் கருவி):

"எங்கள் லேபில் மைக்ரோ சிடி இல்லை. திருகு தளரும்போது அதைச் சுற்றியுள்ள எலும்பின் நுண்தூண்கள் எந்த வரிசையில் உடைகின்றன என்பதை அது இல்லாமல் பார்க்க முடியாது. இதே கேள்வியை ஆராயும் இரண்டு குழுக்கள் இந்த மாநாட்டில் பேசுகின்றன. அதில் ஒரு குழுவின் தலைவருக்கு எழுதியிருக்கிறேன். என் போஸ்டர் அருகே சந்திக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். எங்களிடம் உள்ள 24 மாதிரிகளை அவர்கள் கருவியில் படமெடுக்க முடியுமா என்று பேசப் போகிறேன். என் பல்கலைக்கழகம் பதிவுக் கட்டணத்தைத் தருகிறது. விமானக் கட்டணத்துக்கு வேறு வழி இல்லை. இந்த உதவி கிடைக்காவிட்டால் நான் வர இயலாது."

கடைசி வாக்கியத்தை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. அழித்து அழித்து எழுதினேன். அது கெஞ்சல் அல்ல, தகவல். குழு முடிவெடுக்க அந்தத் தகவல் தேவை.

மாற்றிய பத்தியில் "ஆர்வம்", "கனவு" என்று ஒரு சொல்கூட இல்லை, ஆனால் ஆர்வம் தெரிகிறது. மாநாட்டுக்கு முன்பே ஒருவருக்கு மெயில் போட்டிருக்கிறாள் இந்தப் பெண் என்பதே போதும். அந்த மெயிலைப் போட பயமாக இருக்கும். ஐந்து வரியில் போடுங்கள்: நான் யார், உங்கள் எந்தக் கட்டுரையைப் படித்தேன், அதில் எந்த ஒரு விஷயம் என் வேலையோடு தொடுகிறது, மாநாட்டில் பத்து நிமிடம் கிடைக்குமா. மூன்று பேருக்குப் போட்டால் ஒருவராவது பதில் போடுவார்.

பெண்களுக்கான அவார்டு என்பதால் "பெண்ணாக நீங்கள் சந்தித்த தடைகள்" என்ற கேள்வி சில படிவங்களில் இருக்கும். பொதுவாகச் சமூகத்தைப் பற்றி எழுதாதீர்கள். உங்களுக்கு நடந்த ஒன்றை மட்டும், அதனால் வேலையில் என்ன மாறியது என்பதோடு எழுதுங்கள். ராத்திரி எட்டு மணிக்குமேல் லேபில் பெண்கள் இருக்கக் கூடாது என்ற விடுதி விதியால், இயந்திரத்தில் எட்டு மணி நேரம் ஓட வேண்டிய களைப்புச் சோதனையை (மாதிரியின் மேல் திரும்பத் திரும்ப விசை கொடுத்துப் பார்ப்பது) ஞாயிறு காலைகளுக்கு மாற்றிக்கொண்டதாக ஒரு மாணவி எழுதியிருந்தாள். ஒரே வாக்கியம். குழுவில் இருந்த அத்தனை பேரும் அதைத்தான் பேசினோம்.

பரிந்துரைக் கடிதம்

கைடுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். "சார், ஒரு ரெக்கமண்டேஷன் வேணும்" என்று மட்டும் சொன்னால் பழைய கடிதத்தில் பெயரை மாற்றிக் கொடுப்பார். அவர்மேல் குறையில்லை, நேரம் இல்லை. அவார்டின் விதிப்பக்கம், உங்கள் அப்ஸ்ட்ராக்ட், கடிதத்தில் வர வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் மூன்று விஷயங்கள், எல்லாவற்றையும் ஒரே மெயிலில் கொடுங்கள். "இந்தச் சோதனை அமைப்பை அவரே வடிவமைத்தார்" என்ற ஒரு வரி, "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்" என்ற ஐந்து வரியைவிட மேல். அவார்டு கிடைத்தால் இவருக்கு லீவு கொடுப்போம், முன்பணம் கொடுப்போம் என்று நிறுவனத்திலிருந்து ஒரு வரி சேர்ந்தால் இன்னும் நல்லது.

பட்ஜெட்டும் முன்பணமும்

பதிவுக் கட்டணம், விமானம், தங்கும் இடம், உள்ளூர்ப் போக்குவரத்து, விசா, காப்பீடு, போஸ்டர், சாப்பாடு. மாநாட்டுக்குப் போக எடுக்கும் அமெரிக்க பி-1 விசாவின் கட்டணம் 2023 முதல் 185 டாலர், ஷெங்கன் (பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்கான பொது) விசா 2024 முதல் 90 யூரோ. மற்றதையெல்லாம் விண்ணப்பிக்கும் வாரத்து விலையைப் பார்த்து எழுதுங்கள். சங்கத்தில் மாணவ உறுப்பினராகச் சேர்ந்தால் பதிவுக் கட்டணம் நன்றாகக் குறையும். பல அவார்டுகளுக்கு உறுப்பினராக இருப்பதே நிபந்தனை. அறையை இன்னொரு பெண்ணோடு பகிர்ந்துகொள்ளப் போகிறீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள்.

பட்ஜெட்டின் கீழே ஒரு வரி சேருங்கள்: எதை எப்போது யார் செலுத்த வேண்டும். நான் போகமுடியாமல் போன ஆண்டில் இந்த வரிதான் இல்லாமல் போனது. அவார்டு கடிதம் வந்த அன்றே சங்கத்துக்கு எழுதிக் கேளுங்கள்: பதிவுக் கட்டணத்தை நேரடியாகத் தள்ளுபடி செய்ய முடியுமா, டிக்கெட்டை நீங்களே வாங்கித் தர முடியுமா, பாதியை முன்பணமாகத் தர முடியுமா. மூன்றில் ஒன்றுக்காவது சம்மதிக்கும் சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். அதே வாரம், கைடு வழியாக, அவார்டு கடிதத்தை இணைத்து நிறுவனத்தில் முன்பணம் கேளுங்கள். கோப்பு மேஜை மேஜையாக நகர ஆறு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு நிதியில் பறப்பவர்கள் டிக்கெட் வாங்குமுன் அனுமதிக் கடிதத்தை முழுக்கப் படிக்கவும். பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்று முகவர்கள் வழியாகவே வாங்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு தளத்தில் வாங்கி, பணம் திரும்பாமல் தவித்தவர்கள் உண்டு.

விசாவும் இனிஷியலும்

அப்ஸ்ட்ராக்ட் தேர்வான செய்திக்கும் மாநாட்டுக்கும் இடையில் மூன்று மாதம்தான் இருக்கும். அமெரிக்க விசா நேர்காணலுக்குச் சென்னையில் தேதி கிடைக்கவே அதைவிட அதிகம் ஆகிற காலம் உண்டு. ஆகவே அப்ஸ்ட்ராக்ட் அனுப்பிய வாரமே காத்திருப்புக் காலத்தைப் பாருங்கள். நீளமாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பித் தேதி எடுங்கள். கட்டணம் திரும்ப வராது, அந்த ஆபத்தைத் தெரிந்தே எடுக்க வேண்டும். ஷெங்கன் நாடுகளுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் எடுக்க மாட்டார்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு ஈடு தரும் மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய தலைவலி. க. மலர்விழி என்று அப்ஸ்ட்ராக்ட் போட்டிருப்பார். பாஸ்போர்ட்டில் மலர்விழி கந்தசாமி என்று இருக்கும், அல்லது குடும்பப் பெயர் கட்டமே காலியாக இருக்கும். காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் எஃப்என்யு ("முதற்பெயர் தெரியாது" என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட்டு, மலர்விழியைக் குடும்பப் பெயராக்கிவிடுவார்கள். அழைப்புக் கடிதம், டிக்கெட், அவார்டு, வங்கிக் கணக்கு நான்கிலும் நான்கு விதமாகப் பெயர் இருந்தால் பணம் வரும் கட்டத்தில் நின்றுவிடும். உறுப்பினராகச் சேரும் முதல் நாளே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைக் கொடுங்கள். கட்டுரைகளில் வேறு வடிவம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நேர்காணலில் உங்கள் ஆராய்ச்சியை ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிய வேண்டும். "உடைந்த எலும்பில் போடும் ஸ்க்ரூ ஏன் கழல்கிறது என்று பார்க்கிறேன்." இது போதும்.

மாநாட்டில்

போஸ்டரைத் துணியில் அச்சடியுங்கள். மடித்துக் கைப்பையில் வைக்கலாம், குழாயைத் தூக்கிக்கொண்டு விமானம் மாற வேண்டியதில்லை. அளவை மாநாட்டுத் தளத்தில் பார்த்துவிட்டே அச்சடியுங்கள். ஏ0 என்பது 84.1 × 118.9 சென்டிமீட்டர், எல்லாப் பலகையும் நெட்டுவாக்கில் இருக்காது.

முதல் நாளே பெண் ஆய்வாளர்களுக்கான கூட்டமோ காலை உணவுச் சந்திப்போ இருக்கிறதா என்று நிகழ்ச்சி நிரலில் பாருங்கள். கைக்குழந்தையோடு வருபவர்கள் பாலூட்டும் அறை, குழந்தைப் பராமரிப்பு உதவி பற்றி முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். போஸ்டர் நேரத்தில் யாரும் வராவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்காதீர்கள். பக்கத்துப் போஸ்டர் பெண்ணும் அதே தவிப்பில்தான் இருப்பாள். அவளுடையதைக் கேளுங்கள். எனக்கு மைக்ரோ சிடி கிடைத்தது நான் மெயில் போட்ட பேராசிரியரிடமிருந்து அல்ல, பக்கத்துப் பலகையில் நின்ற மாணவியின் லேபிலிருந்து.

ஒவ்வொரு உரையாடல் முடிந்ததும் போனில் மூன்று சொல் குறித்துவையுங்கள். ராத்திரி அறைக்கு வந்ததும் அவர்களுக்கு இரண்டு வரி மெயில். ஊருக்குத் திரும்பியபின் போடலாம் என்று விட்டால் போட மாட்டீர்கள்.

திரும்பி வந்தபின்

போர்டிங் பாஸை வீசிவிடாதீர்கள். போனில் இருந்தாலும் படமெடுத்து வையுங்கள். ஹோட்டல் ரசீதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று அறையைக் காலி செய்யும்போதே பாருங்கள். வெப்பத்தில் அச்சாகும் டாக்சி ரசீதுகள் ஒரு மாதத்தில் வெளிறிவிடும். வாங்கிய அன்றே படமெடுங்கள்.

அமெரிக்கச் சங்கம் பணம் அனுப்புமுன் டபிள்யூ-8 பென் என்ற படிவம் கேட்கும். நீங்கள் அமெரிக்கக் குடிமகளோ, வரிக் கணக்கில் அந்நாட்டில் வசிப்பவரோ அல்ல என்று சொல்லும் படிவம் அது. உங்கள் நாட்டு வரி எண் என்ற இடத்தில் பான் எண்ணைக் கொடுக்கலாம். இதில் கவனிக்க வேண்டியது, தொகையை "பரிசு" என்று கணக்கில் எழுதினால் 30 சதவீதம் வரை அங்கேயே வரி பிடிக்க வாய்ப்புண்டு. ரசீது அடிப்படையிலான செலவு ஈடு என்றால் பொதுவாக அப்படி இல்லை. எந்த வகையில் தருகிறீர்கள் என்று முன்பே கேளுங்கள். வங்கி விவரத்தில் ஐஎஃப்எஸ்சி போதாது, வெளிநாட்டிலிருந்து பணம் வர வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு வேண்டும். உங்கள் கிளைக்கு இல்லாவிட்டால் வங்கியின் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கிளையுடையதைக் கேட்டு வாங்குங்கள்.

சங்கம் கேட்கும் அறிக்கை ஒரு பக்கம்தான். கெடு பெரும்பாலும் 30 நாளோ 60 நாளோ இருக்கும். யாரைச் சந்தித்தேன், அதனால் அடுத்த ஆறு மாதத்தில் லேபில் என்ன செய்யப் போகிறேன் என்று எழுதுங்கள். ஒரு புகைப்படம் சேர்த்தால் அடுத்த ஆண்டு நிதி தருபவரிடம் அவர்கள் காட்ட உதவும்.

கிடைக்கவில்லை என்றால், மதிப்பீட்டாளர் குறிப்புகள் கிடைக்குமா என்று ஒரு மெயில் போடுங்கள். என் ஆட்டு எலும்பைப் பற்றிய கேள்வி அப்படிக் கேட்டு வாங்கியதுதான். அதற்கடுத்த மாதத்திலிருந்து கறிக்கடைக்காரரிடம் பெட்டை ஆடு என்றைக்கு வெட்டுவீர்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நாளில் போனேன். 12 கிடா, 12 பெட்டை. மேலே கடிதத்தில் நீங்கள் படித்த 24 மாதிரிகள் அவைதான்.